கெலாங்கியின் கருங்கல்: ஜொகூர்க் கோட்டையும் விஜயநகர நினைவும்

2005 பிப்ரவரியில் மலேசிய நாளிதழ்களின் முதல் பக்கத்தில் ஒரு பழைய நகரம் முளைத்தது. ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில், லிங்கியு நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுக்குள், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோத்தா கெலாங்கி மூடிக் கிடக்கிறது என்பது செய்தி. அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழில் ரைமி சே-ரோஸ் 2004இல் எழுதிய நீண்ட கட்டுரைதான் அதன் அடிப்படை. அவருடைய வாதத்தில் மூன்று கூறுகள் உண்டு. அந்நகரம் ஏறத்தாழ 650 முதல் 900 வரை ஸ்ரீவிஜயத்தின் தொடக்ககாலத் தலைநகராக இருந்திருக்கலாம் என்பது முதலாவது. 1025 வாக்கில் நடந்த முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பில் அது சூறையாடப்பட்டது என்பது இரண்டாவது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் கருங்கற்கோட்டை அந்த உண்மை நகரத்தின் நினைவே என்பது மூன்றாவது.

முதற்கூறு மண்வெட்டிக்கு உரியது; அதில் நான் தலையிடவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் நூல்களுக்கும் கல்வெட்டுக்கும் உரியவை, குறிப்பாகத் தமிழ்க் கல்வெட்டுக்கு உரியவை. அந்தக் கல்வெட்டைச் சே-ரோஸ் ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே அணுகியிருக்கிறார் என்று தோன்றுகிறது. அது குற்றமல்ல. ஆனால் அதனால் தவறிப்போன ஒன்று உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன். தமிழ்ப் பக்கத்திலும் குறை இருக்கிறது. ‘சோழன் வென்ற கோட்டை ஜொகூரில்’ என்பது மலேசியத் தமிழ் மேடைகளில் கைதட்டல் வாங்கும் வாக்கியம். அது எந்தக் கல்லில், எந்த ஏட்டில் இருக்கிறது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

வென்றவன் யார், வீழ்ந்தவன் யார்

செஜாரா மெலாயுவின் கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். கெலிங், அதாவது தென்னிந்திய, நாட்டு அரசன் ராஜா சூரான் சீனத்தை வெல்லப் பெரும்படையோடு புறப்படுகிறான். வழியில் பேராக், டிண்டிங் பக்கம் கங்கா நகரத்தை வீழ்த்துகிறான். பின்னர் ஜொகூர் ஆற்றுத் தலைப்பகுதியில் இருந்த கிளாங் கியு, அதாவது கெலாங்கி, என்னும் நாட்டைத் தாக்குகிறான். பழங்காலத்தில் அது பெருநாடு. அதன் கோட்டை கருங்கல்லால் ஆனது. அந்தக் கோட்டை இன்னும் அங்கே இருக்கிறது என்கிறது நூல். நாட்டின் பெயருக்குச் சயாமிய மொழிவழி ஒரு விளக்கமும் தருகிறது. அந்நாட்டு அரசன் கொல்லப்படுகிறான். அவன் மகள் ஓனாங் கியுவை ராஜா சூரான் மணக்கிறான். அதன்பின் தெமாசெக் வரை வந்தவனைச் சீனர்கள் தந்திரத்தால் திருப்பி அனுப்புகிறார்கள். பல்லுப்போன கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பி, சீனம் அவ்வளவு தூரம் என்று நம்பவைக்கிறார்கள்.

கொல்லப்பட்ட அரசனின் பெயர் என்ன? ஜான் லேடனின் மொழிபெயர்ப்பில், அவர் இறந்து பத்தாண்டு கழித்து 1821இல் வெளிவந்த நூலில், அது ராஜா சூலின். ராஜா சூலான் என்று படிக்கும் படிகளும் உண்டு. அதாவது சோழன் என்று காதில் விழும் பெயர் தாக்கியவனுக்கு அல்ல, தாக்குண்டு மடிந்தவனுக்கு. ராஜேந்திரனின் நினைவு இக்கதையில் அப்படியே வாழ்கிறது என்பவர்கள் முதலில் கடக்க வேண்டிய தடை இது. சே-ரோஸ் இதைக் கவனிக்காமல் இல்லை. பெயர்கள் இடம் மாறிவிட்டன என்ற அளவில் கடந்து போகிறார். வின்ஸ்டெட் போன்ற முந்தைய ஆய்வாளர்களும் சோழப் படையெடுப்பின் எதிரொலி என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். எதிரொலி என்று சொல்லிவிட்டால் எது எங்கே மாறினாலும் தப்பித்துக்கொள்ளலாம். நான் அவ்வளவு தாராளமாக இருக்க விரும்பவில்லை.

பெயரை விட்டுவிட்டாலும் நிகழ்ச்சி பொருந்தவில்லை. ராஜேந்திரன் அனுப்பியது கப்பற்படை. ராஜா சூரானின் படை காட்டை மைதானமாக்கிக்கொண்டு தரைவழியே நடக்கிறது. மெய்க்கீர்த்தியில் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபடுகிறான். மலாய்க் கதையில் அரசன் கொலையுண்டு, மகள் மணமுடிக்கப்படுகிறாள். பிந்தையது மலாய் அரசகுலக் கதைகளுக்குத் தேவையான முடிச்சு. சில படிகளில் அந்த மணத்தின் வழியாகத்தான் பலெம்பாங்கில் தோன்றும் இளவரசர்களின் வம்சாவளி ஓடுகிறது. ராஜா சூரானின் நடைப்பயணத்துக்கு முன்மாதிரி தஞ்சையில் இல்லை. இஸ்கந்தர் சுல்கர்னைன், அதாவது பாரசீக, அரபு வழிகளில் வந்த அலெக்சாந்தர் கதைதான் அது. நூலே அவனை இஸ்கந்தரின் வழித்தோன்றல் என்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கும் பகுதியும் அங்கிருந்து வந்ததே.

தஞ்சைக் கல்வெட்டின் மலையூர்

இனி கல்வெட்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ராஜேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 20ஆம் எண். கல்வெட்டின் நோக்கம் கோயில் குருக்கள் சர்வசிவ பண்டிதருக்கும் அவர் மாணவர் வழியினருக்கும் நெல் ஒதுக்குவது. அதற்கு முன் வரும் மெய்க்கீர்த்தியில்தான் கடல்கடந்த பதின்மூன்று இடப்பெயர்கள் உள்ளன. அவற்றில் ஜொகூரைத் தேடினால் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு: மலையூர். பெரும்பாலோர் அதைச் சுமத்ராவின் ஜம்பிப் பகுதியில் வைக்கிறார்கள். நீலகண்ட சாஸ்திரி தீபகற்பத்தின் தென்கோடியையும் கணக்கில் எடுத்தார். ரூஃபர் 1921இல் மலையூர்ச் சிக்கலைப் பற்றியே ஒரு பெரிய கட்டுரை எழுதினார்.

ஜொகூர்க் கட்சிக்குக் கவர்ச்சியானது மலையூருக்கு வரும் அடைமொழி. மலையையே மதிலாகக் கொண்ட பழைய மலையூர் என்று அது பொருள்படுகிறது. மலைக்கோட்டை உள்ள மலையூர், கருங்கற்கோட்டை உள்ள கெலாங்கி என்று இரண்டையும் அருகருகே வைத்தால் பொருந்துவது போலத்தான் இருக்கிறது. நான் மேலே சொன்ன தவறு இங்கே நேர்கிறது. மெய்க்கீர்த்தியை மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு அடைமொழிகள் ஒவ்வொன்றும் ஒரு புவியியல் குறிப்புப் போலத் தெரியும். தமிழில் வாய்விட்டுப் படித்தால் அவை எதுகைகள் என்று தெரியும். தக்கோலத்துக்கு முன் ‘தக்கோர்’ வருகிறார்கள். இலாமுரிக்கு முன் ‘கலாமுதிர்’ வருகிறது. வளைப்பந்தூறுக்கு முன் ‘விளைப்பந்தூறு’. நக்கவாரத்துக்கு முன் ‘தேனக்க’ பொழில். இலங்காசோகத்துக்குக் ‘கலங்கா’. அந்த வரிசையில்தான் ‘தொன்மலை’க்கு முன் ‘நன்மலை’ வருகிறது. புலவருக்கு வேண்டியது இரண்டாம் எழுத்து. மலையூரில் மலை இருந்ததா என்று அவர் கப்பல் ஏறிப் பார்க்கவில்லை. அந்த அடைமொழியை எடுத்துக்கொண்டு லிங்கியுவிலோ வேறெங்கோ மலைக்கோட்டை தேடுவது, தக்கோலத்தில் பல்கலைக்கழகம் தேடுவதற்கு ஒப்பு.

இந்த விதிக்கு விலக்கு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மாயிருடிங்கத்துக்கு வரும் ஆழ்கடல் அகழி எதுகைக்குள் அடங்கவில்லை. ஆகவே அந்த அடைமொழியில் உண்மையான இடவருணனை இருக்கக்கூடும்; கடல் சூழ்ந்த ஒரு முனையையோ தீவையோ அது குறிக்கலாம். ஆனால் ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதி கடலை அகழியாகக் கொண்டதல்ல.

கல்வெட்டுத் தரும் சான்று இவ்வளவுதான். கடல் கடந்த தமிழ்க் கல்வெட்டுகள் தக்குவாபாவில் கிடைத்தன, சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது கிடைத்தது, சீனத்தின் சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது கிடைத்தது. ஜொகூர் ஆற்றங்கரையில் இல்லை. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர் ஆற்று முகத்தில் நின்று 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்லின் எஞ்சிய துண்டில் இயன் சின்க்ளேர் 2019இல் ‘கேசரிவ’ என்ற எழுத்துகளைக் கண்டார். பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்றார். ராஜேந்திரன் பரகேசரிதான். வாசிப்பு உறுதிப்பட்டால் நான் மேலே எழுதியதில் சிலவற்றை மாற்ற வேண்டிவரும். ஆனால் அந்த எழுத்துமுறை பழைய ஜாவாவின் கவி. சிதைந்த துண்டில் ஒரு சொல்லின் நடுப்பகுதி மட்டும். அதை வைத்து ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போக என்னால் முடியவில்லை.

இரண்டு கருங்கற்கோட்டைகள்

சே-ரோஸின் மூன்றாம் கூறுதான் அவருடைய கட்டுரையின் உயிர். ஜொகூர் ஆற்றுப் பகுதியில் வாழ்ந்த ஒருவர் கோட்டை இன்னும் அங்கே இருக்கிறது என்று எழுதுகிறார். அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்பது கேள்வி. நியாயமான கேள்வி. இதற்கு விடை நூலின் மற்றொரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை இந்த விவாதத்தில் யாரும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை.

செஜாரா மெலாயுவின் ஷெல்லபியர் பதிப்பில், கடலடியிலிருந்து திரும்பிய ராஜா சூரான் கெலிங் நாட்டில் ஒரு பெருநகரம் எழுப்புகிறான். அதன் கோட்டை கருங்கல்லால் ஆனது. மதில் ஏழு அடுக்கு, உயரம் ஒன்பது பாகம். கல்லோடு கல் சேர்ந்த இடம் தெரியாதபடி தச்சர்கள் பொருத்தினார்கள், வார்த்தெடுத்தது போலிருந்தது. கதவுகள் எஃகு, அவற்றில் பொன்னும் மணியும். மதிலுக்குள்ளேயே ஏழு குன்றுகள். நடுவே கடல்போல் ஒரு ஏரி. எதிர்க்கரையில் யானை நின்றால் இக்கரையிலிருந்து தெரியாது. நகரத்தின் பெயர் பீஜா நகரா. அது இன்றைக்கும் கெலிங் நாட்டில் இருக்கிறது என்று நூல் முடிக்கிறது. லேடனின் மொழிபெயர்ப்பும் நகரை எழுப்பிய பெருமையை ராஜா சூரானுக்கே தருகிறது. கடலுக்குள் இறங்குபவனை ராஜா சூலான் ஆக்கும் ராஃபிள்ஸ் 18 என்ற படி அந்த வழியிலிருந்து விலகுகிறது. படிகள் இப்படி அரசர்களை மாற்றிக்கொள்வதே பெயர்களை மட்டும் வைத்து வரலாறு எழுதக்கூடாது என்பதற்குச் சான்று.

பீஜா நகரா விஜயநகரம் என்பதில் ஐயமில்லை. உரையாசிரியர்கள் ஒரு வரி அடிக்குறிப்பில் இதைச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த அடிக்குறிப்புப் போதவில்லை. ஹம்பிக்குப் போனவர்கள் மேற்சொன்ன விவரங்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். துங்கபத்திரையின் தென்கரையில் மாதங்க மலை, ஹேமகூடம், மால்யவந்தம் என்று பாறைக் குன்றுகள் நகரத்துக்குள்ளேயே நிற்கின்றன. விருபாட்சர் கோயிலிலிருந்து தெற்கே நடந்து அரண்மனைப் பகுதிக்குள் நுழையும்போது இருபுறமும் எழும் மதில்களில் சாந்து இல்லை. ஆப்புப்போல் செதுக்கிய பெருங்கற்கள் ஒன்றோடொன்று கவ்வி நிற்கின்றன. ஹசார ராமர் கோயிலையும் மகாநவமி மேடையையும் தாமரை மகாலையும் பார்த்துவிட்டுக் கமலாபுரம் பக்கம் வந்தால் பெரிய ஏரி. ஏழு மதில் என்ற எண் 1443இல் ஷாருக்கின் தூதராக வந்த அப்துர் ரசாக் எழுதியதிலும் இருக்கிறது. ஏழு என்பது மரபெண் என்று விட்டுவிடலாம். ஏரி நடுவே தீவு, அதில் தோட்டம் என்று மலாய் நூல் தொடர்ந்து சொல்வது முழுக் கற்பனை என்றும் ஒதுக்கலாம். உள்ளே குன்றுகள் கொண்ட மதில், இணைப்புத் தெரியாத கல்வேலை, பேரேரி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவதை அப்படி ஒதுக்க முடியவில்லை. ஹம்பியைப் பார்த்தவரிடமோ பார்த்தவரைக் கேட்டவரிடமோ இருந்து வந்த செய்தி இது.

அப்படியானால் ஒரு முரண் எழுகிறது. ஹம்பியின் கல் கறுப்பல்ல. வெயிலில் அது பழுப்பு, மாலையில் இளஞ்சிவப்பு. அதைக் கண்ணால் கண்ட மலாய்க்காரரோ பாரசீகரோ கறுப்புக்கல் என்று எழுதக் காரணமில்லை. தமிழருக்கு மட்டும் காரணம் உண்டு. கோயிலுக்கும் கோட்டைக்கும் உரிய கடினக் கல்லுக்குத் தமிழில் நிறம் எதுவானாலும் கருங்கல் என்றே பெயர். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எதிராகச் சொல்வது அது. தமிழ் வாயில் ‘கருங்கல் மதில்’ என்று வந்தது மலாய்க் காதில் ‘பாத்து ஹீத்தாம்’ ஆகிறது. இதை நான் நிறுவிவிட்டேன் என்று சொல்லவில்லை. மலாயில் அந்தச் சொற்றொடர் தானாகவே எந்த வலிய கல்லையும் குறித்திருக்கலாம். ஆனால் ஒரே நூலில் இரண்டு கோட்டைகள் மட்டும் கருங்கல்லால் ஆனவை என்று சொல்லப்படுவதும், அவற்றில் ஒன்று ஐயமின்றித் தமிழர் மூலம் அறியப்பட்ட விஜயநகரமாக இருப்பதும், மற்றொன்றைத் தாக்கியவன் அதே விஜயநகரத்தைக் கட்டியவனாகச் சொல்லப்படுவதும் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கெலாங்கியின் கல் கெலிங் நாட்டுக் கல் என்றுதான் படிக்கிறேன்.

‘இன்னும் அங்கே இருக்கிறது’ என்ற சாட்சியத்துக்கும் இதே கதி. கங்கா நகரத்தின் கோட்டையும் இன்னும் டிண்டிங்கில் இருக்கிறதாம்; கெலாங்கியும் இருக்கிறதாம்; பீஜா நகராவும் இருக்கிறதாம். மூன்று நகருக்கும் ஒரே முத்திரை. இது நேரில் கண்டவரின் குறிப்பு என்பதைவிட, கதையை நம்பவைக்கும் ஆசிரியரின் பழக்கம் என்பதே பொருத்தம். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் பாழ். 1612இல் நூலைத் தொகுத்தவருக்கு அது இன்னும் பெருநகரமாக நிற்கிறது என்றால், அவரிடம் இருந்தது பழைய செய்தி. அதை அவர் சரிபார்க்கவில்லை.

செய்தி வந்த வழி

கொண்டுவந்தவர்கள் யார் என்பதில் பெரிய புதிர் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாக்காத் துறையில் சோழமண்டலக் கரையின் கெலிங் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். பழவேற்காட்டுத் துணி மலாக்காவுக்கு வந்துகொண்டே இருந்தது. பழவேற்காடு விஜயநகரத்தின் கிழக்குத் துறைமுகம். 1511இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தபின் நைனா சத்து என்ற தமிழ் வணிகரையே பெண்டஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினார். அவ்வணிகர்களில் எத்தனை பேர் ஹம்பியை நேரில் பார்த்திருப்பார்களோ, தெரியாது. ஆனால் ராயரின் கல்வேலை அவர்கள் ஊரிலேயே எழுந்துகொண்டிருந்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு ராயகோபுரம் 1509இல் எழுந்தது. திருவண்ணாமலையின் கிழக்குக் கோபுரமும் கிருஷ்ணதேவராயர் பெயரோடு சேர்ந்தது. ராயரின் தலைநகரைப் பற்றிக் கேட்டால் வாய் ஓயாமல் பேசக்கூடியவர்கள் அவர்கள்.

கேட்பவரும் வேற்றார் அல்லர். நூலைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங் ஜொகூரின் பெண்டஹாரா. மலாக்காவின் பெண்டஹாராக் குடும்பத்தில் கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தானின் இரத்தம் கலந்திருப்பதை அதே நூல் விரிவாகச் சொல்கிறது. ராஜா முதலியார் என்ற கெலிங் துறைமுக அதிகாரி பெண்டஹாரா துன் முத்தாகிரின் வீழ்ச்சியில் வகித்த பங்கையும் அது மறைக்கவில்லை. கெலிங் நாடு இந்நூலுக்கு வெறும் தொலைதூரக் கற்பனை நாடல்ல. உறவும் பகையும் உள்ள நாடு.

கோவா என்ற சிக்கலும் இங்கே இருக்கிறது. ராஃபிள்ஸ் 18இன் முன்னுரை, கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மலாய்க் கதை ஏட்டைக் குறிப்பிடுகிறது. அதைத் திருத்தி எழுதும் ஆணை 1612 மே மாதம் பாசிர் ராஜாவில் பிறந்தது என்கிறது. இந்தக் கோவா எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது போர்ச்சுகீசியரின் கோவா, 1536இல் ஜொகூரைத் தாக்கியவர்கள் எடுத்துப்போன ஏடு திரும்பி வந்தது என்பது வின்ஸ்டெட்டின் கருத்து. சுலாவெசியின் கோவா என்பவர்களும் உண்டு. பகாங்கில் ஓர் ஊர் என்பவர்களும் உண்டு. வின்ஸ்டெட் சொன்னது சரியென்றால் என் வாதத்துக்கு வசதி. அந்த ஏடு விஜயநகரத்துக்கு அண்டையில் சில பத்தாண்டுகள் கிடந்தது, அங்கேயே சில வரிகள் சேர்ந்தன என்று எழுதிவிடலாம். எழுதமாட்டேன். ராஃபிள்ஸ் 18இல் நகரை எழுப்பிய வருணனை ஷெல்லபியர் பதிப்பின் அளவுக்கு இல்லாதபோது, கோவாவை இழுத்து வருவது வாதத்துக்கு வலு சேர்க்காது.

கெலாங்கிக் கதைக்குள் கருங்கல் எப்போது நுழைந்தது? தமிழ் வணிகர் மலாக்காவில் ஓங்கியிருந்த காலத்துக்கு முன் இருக்க முடியாது. 1612க்குப் பின்னும் இருக்க முடியாது. விஜயநகரம் நின்ற நகரமாகச் சொல்லப்படுவதால் 1565க்கு முன் என்று சுருக்கலாம். ஆனால் பழைய செய்தி நெடுநாள் சுற்றும். இதற்குமேல் இறுக்கிப் பிடிக்க என்னிடம் சான்று இல்லை.

சே-ரோஸுக்கு எஞ்சுவது

அவருக்குச் சாதகமானவற்றை மறைப்பது நேர்மையல்ல. துன் ஸ்ரீ லானாங் இருந்தது ஜொகூர் ஆற்றங்கரையில். டிண்டிங்கும் கெலிங்கும் அவருக்குத் தூரம். கெலாங்கி அடுத்த வளைவுகளுக்கு அப்பால். ஆற்றின் மேற்பகுதியில் ஒன்றுமே இல்லாமல் ஒரு கோட்டையை அவர் அங்கே வைத்தார் என்பதை நானும் நம்பவில்லை. ஒரு பழைய பெயர், கற்குவியல், மண்மேடு, ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். பெயர் உள்ளூருடையது, கல் வெளியூருடையது என்பதே என் பிரிப்பு.

பிற்காலச் சாட்சிகளும் இந்தப் பிரிப்பைத் தாண்டவில்லை. டி.எஃப்.ஏ. ஹெர்வி 1881இல், சில பத்தாண்டுகளுக்கு முன் அந்நகரைக் கண்டவர்கள் உண்டு என்று கேட்டதை எழுதினார். 1920களின் இறுதியில் ஓர் ஓராங் அஸ்லி வழிகாட்டத் தயாராக இருந்ததாக வின்ஸ்டெட் எழுதினார். யாரும் அவரோடு போகவில்லை. 1930களில் ஜொகூர் அரசுப்பணியில் இருந்த ஜெரால்ட் கார்ட்னர் கெலாங்கியைத் தேடிப்போய் ஜொகூர் லாமாவின் மண்கோட்டையில் முடிந்தார். ஆற்றங்கரையில் பழைய மணிகளைப் பொறுக்கி, அவற்றை வைத்து ரோமப் பேரரசு வரை கடல்வழித் தொடர்பு இழுத்து 1937இல் கட்டுரை எழுதினார்.   மணிகள் வணிகத்துக்குச் சான்று. கோட்டைக்கு அல்ல. ஜொகூர் லாமாவோ 1587இல் போர்ச்சுகீசியர் அழித்த பதினாறாம் நூற்றாண்டுத் தலைநகரம். சோழர் காலத்தோடு அதற்குத் தொடர்பு இல்லை.

பெயர் ஊர்விட்டு ஊர் நடக்கும் என்பதற்குப் பகாங் சாட்சி. ஜெராண்டுட் அருகே கோத்தா கெலாங்கி என்றே அழைக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது சுண்ணாம்புப் பாறைக் குகைகள். மனிதர் கட்டாத ஒன்றை ஊரார் கோட்டை என்றார்கள். ஜொகூரில் மட்டும் அப்படி நடந்திருக்காது என்று யார் உறுதி சொல்வது? சே-ரோஸின் பெரும் சான்றுகளில் ஒன்றான வான்வழிப் படங்களில் தெரிவதாகச் சொல்லப்பட்ட அமைப்புகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். அரசின் தொல்லியல் குழு 2005இல் ஒரு மாதத்துக்கு மேல் அப்பகுதியில் தேடியது; நகரம் இருந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவித்தது. அந்த அறிவிப்பையும் இறுதித் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அடர்ந்த காட்டில் ஒரு மாதம் என்பது அதிகமல்ல. அணையின் நீர்ப்பரப்புக்குக் கீழே இருப்பதை நடந்து பார்க்கவும் முடியாது.

சிங்கப்பூரின் குடிநீருக்காகக் கட்டி 1995இல் முடிந்த லிங்கியு நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் கொள்ளளவில் ஏறத்தாழ 20 விழுக்காடு வரை வறண்டது. மறுபடி அப்படி வறளும்போது ஜொகூர் அரசும் மரபுடைமைத் துறையும் கரையை நடந்து பதிவு செய்ய வேண்டும். கண்டெடுப்பது மண்மேடாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. செஜாரா மெலாயுவின் ஜாவிப் படிகள் லண்டனிலும் லைடனிலும் ஜக்கார்த்தாவிலும் இருக்கின்றன. கெலாங்கிப் பத்தியையும் பீஜா நகராப் பத்தியையும் படிதோறும் ஒப்பிட்டு, எந்தப் படியில் கருங்கல் வருகிறது, எதில் வரவில்லை என்று பட்டியலிட, ஜாவியும் தமிழும் தெரிந்த ஒருவர் வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை மாணவர்களில் யாராவது இதை எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். கெலாங்கிப் பத்தியில் கருங்கல் இல்லாத பழைய படி ஒன்று கிடைத்தால் என் வாதம் நிற்கும். பீஜா நகராவே இல்லாமல் கெலாங்கிக்கு மட்டும் கருங்கல் உள்ள பழைய படி கிடைத்தால் சே-ரோஸ் சொன்னதே சரி.